லிஃப்ட் செலவும் பள்ளிச் செலவும்



நம் பொதுக்குழுவில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "நான் தரைத்தளம். லிஃப்டில் ஏறுவதே இல்லை. அதன் பராமரிப்பில் எனக்கு ஏன் பங்கு?" கேட்பவர் மேல் கோபப்படாதீர்கள். எல்லோருக்கும் பொதுவான செலவு எது, தனக்கு வேண்டியவர் தானே ஏற்க வேண்டிய செலவு எது என்பது பழைய கேள்வி. ஒரு மாநிலமே இதற்குப் பதில் தேடிப் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

அந்த மாநிலம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். தலைநகர் பாஸ்டன். நம்மில் சிலருடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அங்கே 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. அரசுப் பள்ளிகளைப் பெரும்பாலும் ஊரே நடத்துகிறது. செலவில் பெரும் பகுதி வீட்டுச் சொத்து வரியிலிருந்து வருகிறது. சிறிய ஊர்களில் மக்கள் ஒரு மண்டபத்தில் கூடி, கையைத் தூக்கி, வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறார்கள். நம் பொதுக்குழு மாதிரிதான், கொஞ்சம் பெரிது.

1970இல் பாஸ்டனில் ஒரு குழு அறிக்கை வெளியிட்டது. தலைமை தாங்கியவர் சமூகப் பணியாளர் ஹூபி ஜோன்ஸ். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்றது அறிக்கை. உடல் ஊனமுற்றவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள். இவர்கள் பள்ளியை விட்டு ஓடியவர்கள் அல்லர். "உங்கள் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று அனுப்பப்பட்டவர்கள்.

இரண்டே ஆண்டில், 1972இல், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்த ஆண்டுச் சட்டங்களில் அதன் எண் 766. இன்றும் அந்த எண்ணைச் சொன்னால் அங்குள்ள ஆசிரியர்களுக்குப் புரியும். 1974 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 3 வயது முதல் 21 வயது வரை, சிறப்புத் தேவை உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் ஊர்ப் பள்ளி பரிசோதித்து, அந்தப் பிள்ளைக்கென்று தனித் திட்டம் எழுத வேண்டும். பெற்றோர் அதைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஊரால் முடியாவிட்டால், முடிகிற தனியார் பள்ளிக்கு ஊரே பணம் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு, 1975இல், அமெரிக்க நாடு முழுவதற்குமான சட்டம் வந்தபோது மாசசூசெட்ஸ் அதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது.

இதில் முக்கியமான விஷயம், இனி இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று ஊர்க்கூட்டத்தில் ஓட்டெடுக்க முடியாது. அது உரிமை ஆகிவிட்டது.

சரி, பணம்? நாடு தழுவிய சட்டம், ஒரு மாணவருக்கான நாட்டின் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றது. இதுவரை ஓர் ஆண்டுகூட அந்த 40ஐ எட்டவில்லை. 1980இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள், ஓர் ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று நேரடி வாக்கெடுப்பில் கட்டுப்பாடு விதித்தார்கள். புதிய கட்டுமானத்தால் வரும் வரி மட்டும் இதற்கு வெளியே. அதைத் தாண்ட வேண்டுமானால் ஊரே ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும்.

வங்கியில் காலம் கழித்தவனுக்கு இதன் விளைவு உடனே புரியும். வரவுக்கு மூடி போட்டாயிற்று. செலவு ஒன்று கட்டாயம். விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளி ஒன்றில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். சிறிய ஊரில் அப்படி இரண்டு பிள்ளைகள் இருந்தால் வேறெங்கோ வெட்டு விழும். இசை ஆசிரியர் போனார், நூலகம் மூடியது என்றால் ஊர் யாரைப் பார்க்கும்? பெயர் சொல்லாவிட்டாலும் எந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். உரிமை கிடைத்த குடும்பம் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார வேண்டிய நிலை.

2000இல்தான் இதற்கு ஒரு வழி சட்டமானது. பெயர் சர்க்கிட் பிரேக்கர். நம் வீட்டில் மின்சுமை அதிகமானால் தானே விழுகிறதே, அதே பெயர். ஒரு பிள்ளைக்கான செலவு, மாநிலம் சராசரியாக நிர்ணயித்த தொகையைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால், அதற்கு மேல் போவதில் 75 சதவீதத்தை மாநிலம் ஏற்கும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் சில ஆண்டுகள் அந்த 75 வெகுவாகக் குறைந்தது என்பதும் உண்மை. ஆனாலும் சுமை ஓர் ஊரின் தலையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் பரவியது.

பள்ளிக் கட்டடத்தின் கதையும் இப்படித்தான். 1948 முதலே மாநிலம் கட்டட உதவி தந்து வந்தது. ஆனால் அனுமதித்தது அதிகம், கையில் இருந்தது குறைவு. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2004இல் பள்ளிக் கட்டடங்களுக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். விற்பனை வரியில், ஒவ்வொரு டாலர் வாங்கலுக்கும் ஒரு சென்ட், படிப்படியாக அதற்கென்று ஒதுக்கப்பட்டது. ஊர் தன் பங்குக்குக் கடன் வாங்க, பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட வேண்டும். புதுக் கட்டடம் வேண்டாம் என்று தோற்கடித்த ஊர்களும் உண்டு.

ஆனால் கட்டுவதென்று முடிவானால், சிறப்புக் கல்வி அறைகள் மற்ற வகுப்பறைகளின் தரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அந்தப் பிள்ளைகளைப் பிரித்து ஒதுக்கும்படி அமையக் கூடாது என்பது மாநில விதி. கட்டடம் வேண்டுமா என்பது ஓட்டுக்கு உரியது. கட்டியபின் யார் எந்த மூலையில் உட்காருவது என்பது ஓட்டுக்கு உரியதல்ல.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கூடவே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அண்டை வீட்டார் அந்தக் குழந்தையைக் குழந்தையாகப் பார்க்க மாட்டார்கள், செலவாகப் பார்ப்பார்கள். மாசசூசெட்ஸில் இந்த இரண்டுக்கும் நடுவே 28 ஆண்டுகள் போயின.

அடுத்த பொதுக்குழுவில் நம் வாசற்படிக்குச் சாய்தளம் போடும் தீர்மானம் வருகிறது. "சக்கர நாற்காலி வைத்திருப்பவர்களே பாதி கொடுக்கட்டும்" என்று ஒரு யோசனையும் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. நான் கேட்பது இவ்வளவுதான். லிஃப்ட் செலவு போலவே, சதுர அடிக் கணக்கில், எல்லோர் பெயரிலும் எழுதுவோம். அந்த வீட்டார் எழுந்து நின்று நம்மிடம் கேட்கும்படி வைக்க வேண்டாம். நமக்கும் முழங்கால் வலிக்கும் வயது தூரத்தில் இல்லை.