ஃபில்டர் வந்த பாதை

ஷாப்பிங் ஆப்பில் ‘சேலை’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். பட்டு, நீலம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் என்று மூன்று இடத்தில் டிக் அடித்தால் போதும், பார்த்து முடிக்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். இந்த ஃபில்டரின் பூர்விகத்தைத் தேடிப்போனால் சென்னையில் ஒரு நூலகத்துக்கு வந்து சேர்வோம்.

1876-ல் அமெரிக்கர் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பில் பொருள்களுக்கெல்லாம் முன்கூட்டியே எண் போட்டாகிவிட்டது. புத்தகம் எந்தக் கிளையில் உட்காரும் என்பதை மட்டும் நூலகர் முடிவுசெய்ய வேண்டும். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான கணித ஆசிரியர், சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு அது போதவில்லை. நூலகவியல் படிக்க லண்டன் போனவர், அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். நூலின் பொருளையும் இப்படிக் கூறு கூறாக வைத்துக்கொண்டு வேண்டியபடி பூட்டலாம் என்று தோன்றியது. 1933-ல் அவருடைய கோலன் பகுப்புமுறை அச்சேறியது.

நுரையீரல் காசநோய்க்கு இந்தியாவில் எக்ஸ்ரே மூலம் அளிக்கும் சிகிச்சை பற்றி ஒரு நூல் வருகிறது என்று வையுங்கள். மருத்துவத் தலைப்பின் கீழ் நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேவுக்கு 253, இந்தியாவுக்கு 44. இடையிடையே குறிகள் இட்டுக் கோத்தால் அதுதான் நூலின் எண். 45 என்றால் நுரையீரல் என்பது மருத்துவத்துக்குள் மட்டும்தான். துறை மாறினால் பொருளும் மாறும். முதல் தேர்வுதான் அடுத்த பட்டியலைத் தீர்மானிக்கிறது.

1952-ல் லண்டனில் உருவான பகுப்புமுறை ஆய்வுக் குழு இந்த யோசனையைக் கையில் எடுத்தது. தகவல் தேடும் எல்லா முறைகளுக்கும் கூறுவழிப் பகுப்பே அடித்தளமாக வேண்டும் என்று 1955-ல் அறிக்கையும் வெளியிட்டது. 1999-ல் தொடங்கிய எண்டெகா நிறுவனம் இத்தகைய தேடலை இணையக் கடைகளுக்கு மென்பொருளாக விற்றது. சிநெட் நிறுவனத்துக்குள் 2004-ல் யானிக் சீலி எழுதத் தொடங்கிய சோலர் என்ற தேடல் நிரல், 2006-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போய், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருளானது. அதன்பின் சின்னக் கடைக்கும் ஃபில்டர் எட்டியது.

உள்ளே நடப்பது இதுதான். வாஷிங் மெஷின் என்று தேர்ந்தெடுத்த பிறகே ‘முன்பக்கக் கதவா, மேல்மூடியா’ என்ற பட்டியல் திறக்கும். செல்போனுக்கு உரிய ரேம் அளவு அங்கே தலைகாட்டாது. ஒரே பட்டியலில் இரண்டு நிறத்தை டிக் அடித்தால் இரண்டில் எது இருந்தாலும் வரும். நிறத்தோடு விலையையும் சேர்த்தால் இரண்டும் பொருந்தியது மட்டுமே வரும்.

ஆனால் ஃபில்டர் சேலையைப் பார்ப்பதில்லை, அதன் மேல் எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறது. விற்பவர் நிறத்தைத் தம் இஷ்டத்துக்கு ‘மயில் கழுத்து’ என்று தட்டச்சு செய்திருந்தால், நீலம் கேட்பவர் கண்ணில் அது படவே படாது. அதனால்தான் நல்ல கடைகள் அந்தக் கட்டத்தில் எழுத விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. ரங்கநாதனின் நூலகத்தில் பயிற்சி பெற்றவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எண் போட்டார். இன்று அந்த வேலை, சரக்கை ஏற்றும் அவசரத்தில் இருக்கும் வியாபாரியின் தலையில் விழுந்திருக்கிறது. தேடியது கிடைக்காவிட்டால் ஒரு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சரக்கு பெரும்பாலும் கடையிலேயேதான் இருக்கும்.