பேராசிரியர் ஹேர்ட்மனும் மன்னார் முத்துப் பார்களும்

கடலுயிரியலைச் சர்வகலாசாலைக் கல்வியில் வேரூன்றச் செய்த முன்னோடிகளுள் வில்லியம் ஹேர்ட்மன் ஒருவர். 1858இல் எடின்பரோ நகரிற் பிறந்த இவர், ‘சலஞ்சர்’ கப்பலின் ஆராய்ச்சிப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய வைவில் தொம்சனிடம் பயின்றவர். 1881இல் லிவர்ப்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியரானார். கடலை அறிதற்கு வகுப்பறை போதாதென்பது அவர் துணிபு. அதனால் 1892இல் மான் தீவின் போட் எரின் துறையில் ஆராய்ச்சி நிலையமொன்றை அமைத்தார்.

மன்னார்க் கடலில் 1891ஆம் ஆண்டின் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் அறியும் பொருட்டு, 1902இல் ஹேர்ட்மன் இலங்கைக்கு வரவழைக்கப்பட்டார். சில மாதங்களில் அவர் ஊர் திரும்பவே, உடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல் இங்கு தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் மிகுதியாகப் படிந்தும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவை அழிந்துபோதலைக் கண்ட ஹேர்ட்மன், அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறு பரிந்துரைத்தார். இவ்வாய்வின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றியே நன்முத்து உருவாகின்றதென்பதும் அவ்வறிக்கையின் முடிபு. பின்னர் லிஸ்டர் ஜேம்சன் இதனை மறுத்தார். இன்று அம்முடிபு பொதுவிதியாகக் கொள்ளப்படுவதில்லை.

இதனிலும் பெரியதோர் ஏமாற்றம் கடலிலேயே காத்திருந்தது. 1903இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கி, 1905இல் அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. அச்செழிப்பு நிலைக்குமென நம்பிய ஒரு கம்பனி, 1906இல் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால் 1907இன் பின் சிப்பிகள் குன்றின; கம்பனியும் கலைந்தது. அடுத்த முத்துக்குளிப்பு 1925இலேயே நிகழ்ந்தது.

இத்தோல்வியை ஹேர்ட்மன் ஒருவர்மேற் சுமத்துதல் நீதியன்று. சிப்பியின் வாழ்வும் அழிவும் ஆண்டுதோறும் மாறும் கடல்நிலையைச் சார்ந்தவை. ஓரிரு ஆண்டுச் செழிப்பைக் கொண்டு இருபது ஆண்டு இலாபத்தைக் கணித்ததே பிழை. இவ்வுண்மைக்கு ஹேர்ட்மனின் பிற்கால வாழ்வே சான்றாகும். 1907 முதல் மான் தீவுக் கடலின் மிதவையுயிர்களை அவர் ஆண்டுக்கணக்காக இடையறாது ஆராய்ந்தார். 1919இல் தம் சொந்தப் பொருளைக் கொண்டு லிவர்ப்பூலிற் சமுத்திரவியற் பேராசிரியர் பதவியொன்றை நிறுவினார். 1924இல் அவர் மறைந்தபின்னும் போட் எரின் நிலையம் 2006 வரை நிலைத்திருந்தது.

முத்தின் பிறப்பைப்பற்றி அவர் கூறிய விடை நிலைக்கவில்லை. கடலை இடைவிடாது கவனித்தல் வேண்டுமென்ற நெறியோ நிலைத்தது. ஆசிரியனொருவன் விட்டுச்செல்லத்தக்க செல்வம் அதுவே.