எனாமல் இரும்புச் சட்டியில் போகவே போகாத கறையா? கம்பி நாரை எடுக்கும் முன் இதைப் படிங்க!

ஆசை ஆசையாக வாங்கிய எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி. வாங்கியபோது உள்ளே பால் போல வெள்ளையாக இருந்தது. இரண்டு வருஷம் குழம்பும் குருமாவும் வைத்த பிறகு பார்த்தால் அடியில் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள், அங்கங்கே சாம்பல் நிறக் கோடுகள். உடனே கம்பி நாரை எடுத்து அழுத்தித் தேய்க்கத்தான் கை போகும்.

அங்கேதான் பிரச்னை. கறையால் இந்தச் சட்டி கெட்டுப்போவதில்லை. கறையை எடுக்கிறேன் என்று தப்பாகத் தேய்ப்பதால்தான் கெடுகிறது.

எனாமல் என்றால் என்ன?

இது பெயின்ட் இல்லை, நான்ஸ்டிக் பூச்சும் இல்லை. கண்ணாடி! கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். பிரான்ஸின் லெ க்ரூசே நிறுவனம் 1925-ம் ஆண்டு முதலே இந்த வகைப் பாத்திரங்களைத் தயாரித்து வருகிறது.

தோசைக்கல்லும் வார்ப்பிரும்புதான். ஆனால் அதில் படியும் கறுப்பு எண்ணெய்ப் படலம் நமக்குத் தேவை. கல்லைப் பழக்குவதே அதற்காகத்தான். எனாமல் சட்டிக்குப் பழக்கும் வேலை இல்லை. வெள்ளை எனாமலில் படியும் பழுப்பு, வெறும் கறைதான். அதை எடுக்கலாம். ஆனால் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி எடுக்க வேண்டும்.

எந்தக் கறை, எதனால்?

* பழுப்பு, பிசுபிசுப்பு: சூட்டில் இறுகிப்போன எண்ணெய். வெறும் சோப்புக்கு மசியாது.
* கறுப்பு: அடிப்பிடித்துக் கருகிய உணவு.
* மஞ்சள்: மஞ்சள் தூளின் நிறம். இது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் கழுவிக் கழுவியும் போவதில்லை.
* சாம்பல் நிறக் கோடு: கீறல் என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலும் இது எவர்சில்வர் கரண்டி உரசி விட்டுச்சென்ற உலோகத் தடம்தான்.
* வெள்ளைப் படலம்: போர் தண்ணீரில் இருக்கும் உப்பு.

எப்படி எடுப்பது?

முதலில் சமையல் சோடா. பழுப்புக் கறைக்கும் அடிப்பிடித்ததற்கும் இதுதான் மருந்து.

1. சட்டி நன்றாக ஆறட்டும். பிறகு கறை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.
2. ஒரு லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போடுங்கள்.
3. மிதமான தீயில் 10 முதல் 15 நிமிடம் மெதுவாகக் கொதிக்கட்டும். நடுவில் மரக் கரண்டியால் அடியை லேசாகத் தள்ளிவிடுங்கள்.
4. அடுப்பை அணைத்து, தானாக ஆறவிடுங்கள். பிறகு மென்மையான ஸ்பாஞ்சால் கழுவுங்கள்.

ஒரே தடவையில் முழுசாகப் போகாது. அடுத்த நாள் மறுபடி செய்யுங்கள். நாலு தடவை மெதுவாகச் செய்வது, ஒரு தடவை முரட்டுத்தனமாகத் தேய்ப்பதைவிட நல்லது.

மீதமிருக்கும் பழுப்புக்கும் சாம்பல் கோடுகளுக்கும் சமையல் சோடாவில் சில சொட்டு தண்ணீர் விட்டுப் பசை போல குழைத்துத் தடவுங்கள். அரை மணி நேரம் கழித்து ஈரத் துணியால் வட்டமாகத் தேய்த்தால் போதும்.

சோடா போட்டுக் கொதிக்கும்போது மஞ்சள் கறை சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே விஷயம்தான். கழுவிவிட்டு, சட்டியின் உள்பக்கம் படும்படி வெயிலில் வையுங்கள். வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் வெளுக்கும்.

வெள்ளைப் படலத்துக்கு மட்டும் வினிகர். தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு உடனே கழுவுங்கள். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நன்றாக நுரைக்கும், அவ்வளவுதான். ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

* கம்பி நார், செங்கல் தூள், கத்தி முனை வேண்டாம். எனாமலின் பளபளப்பு போனால், அடுத்த கறை இன்னும் சீக்கிரம் ஒட்டும்.
* புளி, எலுமிச்சை போட்டு ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம். பித்தளைக்குப் பளிச்சென்று வரும். எனாமலை அந்தப் புளிப்பு மங்கலாக்கும்.
* சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது. எனாமல் விரிசல் விடும்.
* ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் விஷத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

கறை பரவாயில்லை, இது இருந்தால் ஜாக்கிரதை!

சுத்தம் செய்த பிறகு வெளிச்சத்தில் உள்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். எங்காவது எனாமல் பெயர்ந்து, உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அந்தச் சட்டியில் சமைப்பதை நிறுத்திவிடுங்கள். ஓரங்கள் மேலும் உதிர்ந்து, கண்ணாடித் துணுக்கு சாப்பாட்டில் விழலாம். என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, செடி வைக்கப் பயன்படுத்துங்கள்.

வெளிப்பக்கம் மட்டும் சின்னதாகப் பெயர்ந்திருந்தால் சமையலுக்குப் பாதிப்பில்லை. அந்த இடத்திலும், விளிம்பில் இரும்பு தெரியும் இடத்திலும் துரு வராமல் இருக்க ஈரத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும்.

கறை வராமல் தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். காலிச் சட்டியை அடுப்பில் காயவைக்காதீர்கள். எண்ணெய் ஊற்றிய பிறகே சூடேற்றுங்கள். தீ மிதமாக இருந்தால் போதும், வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். மரக் கரண்டியோ சிலிக்கான் கரண்டியோ பயன்படுத்துங்கள். மீந்துபோன புளிக்குழம்பை ராத்திரியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லேசாக ஒரு பழுப்பு நிழல் இருக்கத்தான் செய்யும். தினமும் புழங்கும் சட்டியில் அது சகஜம். எனாமல் வழவழப்பாக, உடையாமல் இருக்கும்வரை அந்தச் சட்டியில் தாராளமாகச் சமைக்கலாம்.