யவனர் கப்பலில் ஏறிய மதுச் சாடிகள்

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து வாசகர்களுக்குப் பனையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீரசோழன் பக்கத்தில் பதநீர் இறக்குபவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் மரத்தில் கட்டுவதில்லை. தடவ மறந்தால் காலையில் இறங்குவது பதநீராக இராது, கள்ளாகியிருக்கும். அதையும் வைத்திருந்தால் புளித்துக் காடியாகிவிடும். ஓரிரு நாளில் இவ்வளவும் நடக்கிறதென்றால், 2,000 ஆண்டுகளுக்கு முன் யவன வணிகர் திராட்சை மதுவைத் தமிழகக் கரைவரை எப்படிக் கெடாமல் கொண்டுவந்தனர்? கப்பலில் ஏற்ற எந்த மதுவைத் தேர்ந்தெடுத்தனர்?

கொண்டுவந்தது கற்பனையன்று. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் யவனர் தந்த மணமுள்ள தேறல் வருகிறது. அங்கே ஆளப்பட்டுள்ள ‘கலம்’ என்ற சொல்லுக்குச் சாடி என்றும் பொருள் உண்டு, கப்பல் என்றும் பொருள் உண்டு. எப்படிக் கொண்டாலும் செய்தி ஒன்றுதான். வீரசோழனுக்குக் கிழக்கே, வைகை கடலோடு சேருமிடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல தடவை அகழ்ந்தபோது அந்தச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும் கிடைத்தன. கழுத்து குறுகி, இரு கைப்பிடியும் கூர் அடியும் கொண்ட இந்தச் சாடிக்கு ஆம்போரா என்று பெயர். நிறைத்தால் ஏறத்தாழ 26 லிட்டர் பிடிக்கும்.

பயணக் கணக்கைப் பாருங்கள். ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தபடி, அலெக்சாந்திரியாவின் அருகிலிருந்து நைல் வழியே கோப்டோஸ் நகருக்கு 12 நாள். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகமான பெரனிகேக்கு 12 நாள். செங்கடலின் வாயிலுக்கு 30 நாள். பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு 40 நாள். ஆக 94 நாள்! அதுவும் நடுக்கோடையில் புறப்பட்டு. கீழைக் கரைக்கு வரும் சாடி இன்னும் சில நாள் கழித்தே இறங்கும்.

மது புளிப்பது ஏன் என்பதை 1860களில் லூயி பாஸ்டர் விளக்கினார். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்ககாலாக்குகிறது. அதன்பின் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்ககாலை அசெட்டிக் அமிலமாக்குகிறது. காடியின் புளிப்பு இதுவே. சுட்ட மண்சாடியோ நுண்துளைகள் நிறைந்தது. மதுவும் கசியும், காற்றும் நுழையும். ஆகவே சாடியின் உட்புறம் முழுவதும் பைன் மரப் பிசினைக் காய்ச்சிய கீல் பூசினார்கள். வாயைத் தக்கையால் அடைத்து மேலே சாந்திட்டார்கள். பாஸ்டருக்கு 18 நூற்றாண்டு முன்பே, காரணம் தெரியாமல், காரியத்தை மட்டும் சரியாகச் செய்திருக்கிறார்கள். நம் பனையேறி வழிவந்தவர்களும் சுண்ணாம்பை அப்படித்தான் கண்டுகொண்டிருப்பார்கள்.

பூச்சு மட்டும் போதாது. மதுவும் தாக்குப்பிடிக்க வேண்டும். கிரேக்கத் தீவான கோஸில் மதுவோடு கடல்நீரையே கலந்தார்கள். உப்பு நுண்ணுயிர்களை ஓரளவு அடக்கும். இந்த மதுவைப் போலி செய்யும் முறையைக் கேட்டோ என்ற ரோமானியர் தம் உழவு நூலில் எழுதியிருக்கிறார். குடிக்க நமக்கு ஒப்புமோ என்னவோ! விலையுயர்ந்த சரக்கன்று, ஆனால் அரிக்கமேட்டுச் சாடி ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் அவற்றில் கோஸ் வகையைப் பெருந்தொகுதியாகக் கண்டார். கப்பல்காரன் சுவையைவிட உறுதியைப் பார்த்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேறு வகைகளும் வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழி நூல், மேற்கிந்தியத் துறையான பாருகச்சத்துக்குச் செல்லும் மதுவில் இத்தாலிய மதுவை முதலாவதாகவும், சிரியாவின் லவோதிகேயா மதுவையும் அரேபிய மதுவையும் அடுத்தும் சொல்கிறது. முசிறிக்குக் கொஞ்சமே போயிற்று. பெரனிகேயில் 1994 முதல் நடந்த அகழ்வில் கிடைத்த சுங்க ஓட்டுச் சீட்டுகளிலும் இத்தாலி, லவோதிகேயா, ரோட்ஸ் மதுப் பெயர்கள் உள்ளன.

சாடி ஓட்டைப் பார்த்து ஊரைச் சொல்வது எப்படி? உருவத்தை நம்ப முடியாது; கோஸ் சாடியின் இரட்டைத்தண்டுக் கைப்பிடியை இத்தாலியக் குயவரும் செய்தார்கள். மண் பொய் சொல்லாது. ஓட்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வெசுவியஸ் எரிமலைப் பகுதி மண்ணில் பைராக்சீன் என்னும் கரிய எரிமலைக் கனிமத் துகள்கள் தெரியும். அந்தச் சாடி இத்தாலியின் கம்பானியாவில் வனைந்தது.

உட்பூச்சும் பேசும். இந்தியாவின் பல இடங்களில் கறுப்புப் பூச்சுள்ள ஓடுகளை ரோமானியச் சாடி என்றே எழுதிவந்தனர். ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் அவற்றை மறுபடி புரட்டிப் பார்த்தார். பலவற்றுக்குக் கைப்பிடியே கிடையாது. உள்ளே இருந்தது பைன் கீலும் அன்று, பெட்ரோலியத்தோடு தொடர்புடைய நிலக்கீல்! மெசொப்பொத்தேமியப் பக்கத்திலிருந்து பாரசீக வளைகுடா வழியே வந்த நீளச் சாடிகள் அவை. பெரும்பாலும் ரோமானிய வணிகம் தளர்ந்தபின் வந்தவை. பைன் பிசினில் அபியட்டிக் அமிலத்தின் சிதைவுப் பொருள்கள் இருக்கும், நிலக்கீலில் இரா. எனவே வேதியியல் சோதனை இரண்டையும் பிரித்துவிடும்.