ஒரே பெட்டிக்குள் பல வலையட்டைகள் – ஒரு சிறு வரலாறு

மோகனூர் வாய்க்காலைப் பற்றி அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் எனக் கிளை வாய்க்கால்களாக ஓடுகிறது. தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகு திறந்திருக்கிறதோ அந்த வயல் பாயும். மெய்நிகர் கணினிக்குப் பல வலையட்டைகளை அமைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்!

ஒரு கணினிக்குள் பல கணினிகள் என்ற எண்ணம் பழையது. 1960களில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சிபி-67 என்ற மென்பொருளை உருவாக்கினர். 1972ல் அது விஎம்/370 ஆக வெளிவந்தது. அடுத்த ஆண்டே சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 கணினி வந்தது. ஆனால் அந்த மாடல் முதலில் விற்பனைக்கு வந்தபோது, விஎம்/370க்குத் தேவையான நினைவக முகவரி மாற்றும் வன்பொருள் அதில் இல்லை. அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மேசைக் கணினிக்கு இந்த வித்தை வந்தது 1999ல், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மூலம். ஏஎம்டி நிறுவனத்தின் லான்ஸ் என்ற வலையட்டை உள்ளே இருப்பதுபோல் அது நடித்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் அதற்கான டிரைவர் முன்பே இருந்ததால் உள்ளிருக்கும் இயங்குதளத்துக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த அட்டையை வீட்டு வலையோடு நேராக இணைத்தால் பிரிட்ஜ். தாய்க் கணினியோடு மட்டும் பேசவிட்டால் ஹோஸ்ட் ஒன்லி. தாய்க் கணினியின் முகவரியிலேயே வெளியே அனுப்பினால் நாட்.

சரி, ஒரு அட்டை போதாதா? ஃபயர்வாலுக்குப் போதாது. அதற்கு ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே இருக்க வேண்டும். முன்பு இதைப் பழக மூன்று கணினிகளும் ஒரு சுவிட்சும் வேண்டும். ஒரே கணினி வைத்திருந்த மாணவனுக்கு அது எட்டாக்கனி. 2007ல் இலவசமாகக் கிடைத்த வர்ச்சுவல்பாக்ஸ் அதை மாற்றியது. அதன் திரையிலேயே நான்கு அட்டைகள், கட்டளை வழியாக எட்டு வரை வைக்கலாம். முதல் அட்டை நாட், இரண்டாவது ஹோஸ்ட் ஒன்லி என்பது பலரும் வைக்கும் அமைப்பு. நாட் வழியே உள்ளிருந்து இணையத்துக்குப் போகலாம், வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. தாய்க் கணினி உள்ளே நுழையத்தான் இரண்டாவது வாசல்.

உண்மையான தலைவலி பெயரில் இருந்தது. லினக்ஸ் அட்டைகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் eth0, eth1 என்று பெயர் வைத்தது. வரிசை மாறினால் பெயரும் மாறும். உள்வாசலுக்கு எழுதிய விதி வெளிவாசலுக்குப் போய்விட்டால் ஃபயர்வால் இருந்தென்ன, இல்லாமல் என்ன? எனவே அட்டையின் மேக் முகவரியோடு பெயரைக் கட்டி ஒரு கோப்பில் எழுதி வைத்தார்கள். நிஜக் கணினிக்கு அது நல்ல மருந்து. மெய்நிகர் கணினியை நகல் எடுத்தாலோ புது மேக் முகவரி வரும். கோப்பில் eth0 பழைய அட்டைக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். புது அட்டை eth1 ஆகிவிடும், eth0க்கு எழுதிய அமைப்பு அனாதையாகும், கணினி வலையில் ஊமையாகிவிடும். சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் நகல் எடுக்கும் முன் அந்தக் கோப்பை அழிப்பது ஒரு சடங்காகவே இருந்தது.

2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197, அட்டை செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டது. வர்ச்சுவல்பாக்ஸின் வழக்கமான அமைப்பில் முதல் அட்டை enp0s3, இரண்டாவது enp0s8. நடுவிலுள்ள எண்களை ஒலி, யுஎஸ்பி போன்ற வேறு சாதனங்கள் பிடித்துக்கொண்டன. பார்க்க அழகில்லாத பெயர்கள்தான், ஆனால் நகல் எடுத்தாலும் மாறாது.

பெயர் சரியான பின்னும் ஒரு பொறி உண்டு. இரண்டு அட்டைக்கும் கேட்வே முகவரி கொடுத்தால், ஒரு வாசலில் வந்த கேள்விக்கு மறு வாசல் வழியே பதில் போய்த் தொலைந்துபோகலாம். வர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட் ஒன்லி வலை முகவரி மட்டும் தருகிறது, கேட்வே தருவதில்லை.