தலைக்கட்டும் தலைக்கணக்கும்: நாகை நகராட்சியின் கதை

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் புரட்டுவது தலைக்கட்டுப் பட்டியலைத்தான் என்பதை நாம் அறிவோம். மஹல்லாவில் எத்தனை தலைக்கட்டு, சந்தா செலுத்தியோர் எத்தனை பேர், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் வாழும் நாகப்பட்டினம் நகராட்சியும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் மக்களை எண்ணி வருகிறது. அவர்கள் எண்ணுகிற முறை ஒன்று, நாம் எண்ணுகிற முறை வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-ல் இவ்வூரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், 1690-ல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தை இங்கு மாற்றினர். 1781-ல் ஆங்கிலேயர் வந்தனர். 1799 முதல் 1845 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக நாகையே விளங்கியது. இவ்வளவு காலமும் ஊரை ஆண்டவர்கள் ஊராரைக் கேட்டு ஆண்டதில்லை. சென்னை மாகாணத்தின் 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1866-ல் நாகை நகராட்சி தோன்றியது. அப்போதும் உறுப்பினர்களை அரசே நியமித்தது. வரியை மட்டும் ஊரார் கட்டினர். ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்கும், 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பின்னரே தேர்தல் என்பது பரவலாயிற்று. அதிலும் வரி செலுத்துவோருக்கே வாக்கு. சந்தா கட்டியவருக்கே பொதுக்குழுவில் பேச்சு என்னும் நம் வழக்கத்தை இது நினைவூட்டவில்லையா?

இனி மக்கள்தொகைக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் நாகூரையும் சேர்த்து இந்நகரின் மக்கள் 57,190 பேர். அதன் பின் அரை நூற்றாண்டு கழிந்தும் ஊர் பெரிதாக வளரவில்லை. காரணங்கள் வெளிப்படையானவை. நாகையிலிருந்து திருச்சிக்கு இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர், தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை இங்கே இருந்தது. பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது. அப்பட்டறை 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928-ல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தும் பயனில்லை. வேலை போன இடத்துக்கு ஆட்களும் போயினர். 1991-ல் புதிய மாவட்டத்தின் தலைமையிடமான பிறகும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 2011-ல்தான் நகரம் இலட்சத்தைக் கடந்தது: 1,02,905 பேர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள்.

அதே கணக்கில் இன்னோர் எண்ணும் உண்டு. ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 1,025 பெண்கள். பெண்களே மிகுதி. கடற்கரையில் வாழும் நமக்கு இதில் வியப்பில்லை. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-1830-ல் நாகூர் தர்கா எழுந்ததென்றால், அதற்கு முன்பே நம்மவர் அங்குக் குடியேறியிருந்தனர் என்பதுதானே பொருள்! பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்களில் சபுராளிகள் ஏறிய துறைமுகம் இது. 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீவிபத்துக்குள்ளாகி அப்பயணம் முடிவுற்றது. அதற்குள் வளைகுடாவுக்கு வானூர்தி ஏறத் தொடங்கிவிட்டோம். கணக்கெடுப்பின்போது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே எண்ணப்படமாட்டார். வீட்டில் இருக்கும் மனைவியும் தாயும் பிள்ளைகளும் எண்ணப்படுவர்.

நம் பதிவேடோ இதற்கு நேர் எதிரானது. துபாயில் இருப்பவர் பெயர் அதில் உண்டு. வீட்டில் இருப்பவர் பெயர் இல்லை. நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், விதவைப் பெண்மணி ஒருவர் உதவித்தொகைக்காக ஜமாஅத் கடிதம் கேட்டு வந்தார். பதிவேட்டைப் பார்த்தோம். கணவர் மவ்த்தானதும் அந்தத் தலைக்கட்டின் மீது கோடு போடப்பட்டிருந்தது. விதவையிடம் சந்தா வாங்கலாகாது என்ற நல்லெண்ணத்தால் செய்தது அது. சந்தா நீங்கியது, கூடவே அவரும் நீங்கிவிட்டார். இருபது ஆண்டுகளாக அவர் அந்த மஹல்லாவில் எங்கும் எழுதப்படாதவராய் இருந்திருக்கிறார். எழுத்தரைக் குறை கூறுவதற்கில்லை. ஏட்டில் அதற்கென்று ஒரு பத்தியே இல்லை.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் பெயர்களை எழுதுமாறு பணித்ததும், 1,500 ஆண்கள் எழுதப்பட்டதும் புகாரியில் பதிவாகியுள்ளது. அது போர்க்காலக் கணக்கு. பின்னர் உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது பெண்களும் அதில் பங்கு பெற்றனர். பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்றிருந்த விதியை மாற்றி, பிறந்த நாள் முதலே வழங்கினார்கள். பெயர் எழுதப்பட்டது பங்கு கொடுப்பதற்காகவே.

எண்ணப்படாமல் போவதன் விலையை 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் இவ்வூர் கண்டது. கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் சில நிமிடங்களில் சிதைந்தன. மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீட்டோடு குடும்ப அட்டையும் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, நிவாரணத்துக்கு ஆதாரமாக நிற்பது அலுவலக ஏட்டில் உள்ள பெயர்தானே?

உள்ளாட்சி அதிகாரமும் எண்ணிக்கையை ஒட்டியதே. நகராட்சியின் 36 வார்டுகளும் மக்கள்தொகையைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. நிதிக்குழு மானியத்திலும் அதுவே முதன்மை அளவுகோல். ஆனால் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபின், வழக்குகளாலும் வார்டு மறுவரையறையாலும் தேர்தல் தள்ளிப்போய், 2022 பிப்ரவரி வரை தனி அலுவலரே ஊரை நிர்வகித்தார். ஐந்தாண்டுக்கு மேல் சாக்கடை அடைப்பைச் சொல்வதற்கும் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. 2022 தேர்தல் பாதி இடங்கள் பெண்களுக்கு என்னும் ஒதுக்கீட்டின்படி நடந்தது. நகர மன்றத்தில் நம் பெண்கள் அமரலாம், மஹல்லா ஏட்டில் அமர இடமில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது, ஆண்கள் வெளிநாட்டில் என்று சொல்லி அனுப்பிவிடாமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் பெண்களே சொல்ல வேண்டும். அதற்கு முன்னதாக நம் தலைக்கட்டுப் பதிவேட்டில் விதவைகளுக்கும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களுக்கும் சந்தாவின்றித் தனிப் பத்தி திறக்குமாறு நிர்வாகிகளிடம் எழுத்து மூலம் கேட்டுள்ளோம். வரும் பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது.