வேலியில் காய்த்த எடைக்கல்

"வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட மிச்சமில்லை." மகளைக் கட்டிக்கொடுத்து முடித்த வீடுகளில் கேட்கிற பேச்சு இது. சொல்கிறவருக்கே தெரியாமல் அதற்குள் ஓர் அளவு இருக்கிறது: ஏறக்குறைய 120 மில்லிகிராம். நகைக்கடைப் பேச்சில் 120 மில்லி.

குண்டுமணி, குன்றிமணி, இலக்கியத்தில் குன்றி. வேலியில் கொடியாக ஏறும். நெற்று காய்ந்து வெடித்து முறுக்கிக்கொள்ளும்போது உள்ளே சிவப்பு மணிகள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கறுப்புப் பொட்டோடு. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது இதில்தான். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், நகம் வழுக்கும். அந்தத் தோல்தான் இந்த விதையைத் தராசில் ஏற்றியது. அடைமழையில் ஈரம் உள்ளே இறங்காது, சித்திரை வெயிலில் உள்ளிருப்பது எளிதில் வற்றாது. ஐப்பசியில் நிறுத்த எடை பங்குனியிலும் நிற்கும். நெல்லையோ உளுந்தையோ இப்படி நம்ப முடியாது. (அதே தோலுக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சும் இருக்கிறது. மென்று தின்றால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகள் கையில் இதை விட்டுவைக்க வேண்டாம்.)

குறையும் உண்டு. ஒரே நெற்றில் விளைந்த இரண்டு மணிகள்கூட ஒரே எடை இருப்பதில்லை. பொடியும் இருக்கும், பருத்ததும் இருக்கும். எடைக்கென்று வைத்துக்கொள்ள வேண்டுமானால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். இந்தப் பொறுக்கலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

வேலியைத் தாண்டிய குன்றி கோயிலுக்குள் போனது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கடைசித் துணுக்குவரை கணக்கு வைக்கின்றன. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பது இன்றைய கணக்கில் 5 கிராமுக்குச் சற்று மேல். பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் 'ஆடவல்லான்'. கூத்தனின் பெயரையே கல்லுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை வைத்து நிறுத்துவிட்டுப் பொய் எழுத யாருக்குக் கை வரும்?

வடக்கே இதே விதைக்கு ரத்தி என்று பெயர். 8 ரத்தி ஒரு மாஷா, 12 மாஷா ஒரு தோலா. என்னை நிறுத்தி வைத்தது மேலே போகிற இந்தக் கணக்கு அல்ல, கீழே இறங்குகிற கணக்கு. மனுஸ்மிருதியின் 8ஆம் அத்தியாயம் எடைகளைச் சொல்லும்போது தங்கத்தில் தொடங்கவில்லை, தூசியில் தொடங்குகிறது. சாளரத்தின் வழியே விழும் வெயிலில் மிதக்குமே, அந்தத் துகளுக்குத் திரசரேணு என்று பெயர். 8 திரசரேணு ஒரு லிக்ஷா. 3 லிக்ஷா ஒரு கருங்கடுகு. 3 கருங்கடுகு ஒரு வெண்கடுகு. 6 வெண்கடுகு ஒரு வாற்கோதுமை. 3 வாற்கோதுமை ஒரு குன்றிமணி. பெருக்கினால் ஒரு குன்றிமணிக்கு 1,296 துகள். ஒரு துகளின் பங்கு 94 மைக்ரோகிராம். வெயிலில் மிதக்கும் நிஜத் தூசி இதைவிட எவ்வளவோ இலேசு. ஆனாலும், கையில் பிடிக்க முடியாத ஒன்றுக்கும் எடை உண்டு, அதை விதையின் பங்காகச் சொல்லிவிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அது பெரிய எண்ணம்.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடலாம். 1833இல் கம்பெனி ஆட்சி தோலாவை 180 கிரெயின் என்று நிலைப்படுத்தியது. கிரெயினும் ஆதியில் ஒரு தானிய மணிதான். அந்தக் கணக்கில் தோலா 11.66 கிராம், அதை 96ஆல் வகுத்தால் ரத்தி 0.1215 கிராம். 1956இல் வந்த எடை அளவுச் சட்டம் கிராமைக் கொண்டுவந்தது. விதை அரசாங்கக் கணக்கிலிருந்து இறங்கிப் பேச்சில் தங்கிக்கொண்டது.

கிராமுக்கும் ஒரு தாய்க்கல் இருந்தது. பாரிஸ் அருகே செவ்ரேயில், கண்ணாடிக் குடுவைகளுக்குள் வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. 1889இலிருந்து உலகத்தின் கிலோகிராம் அதுதான். அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் தெரிந்தது. மனுவின் கணக்கில் அரைத் திரசரேணு! அந்த அரைத் துகளைப் பொறுக்க முடியாமல் அறிவியல் உலகம் 2019 மே 20 முதல் உருளையையே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இன்று கிலோகிராம் நிற்பது எந்தப் பொருளின்மீதும் அல்ல, பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணின்மீது.

இனி குன்றிமணியைப் புரோட்டானில் சொல்லலாம். ஒற்றைப் புரோட்டானைத் தட்டில் வைக்க முடியாது. காந்தப்புலத்தில் சிறைவைத்துச் சுற்றவிடுகிறார்கள். கனமானது மெதுவாகச் சுற்றும், இலேசானது வேகமாகச் சுற்றும். சுற்றை எண்ணினால் எடை கிடைக்கிறது: 1.6726 கிராமை 10இன் 24ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது. 0.1215 கிராமை இதனால் வகுத்தால் சுமார் 73 கோடி கோடி கோடி. பவுனுக்கு 8 கிராம் என்றால் அதைப்போல 66 மடங்கு.

இது வெறும் வகுத்தல் கணக்கும் அல்ல. புரோட்டானும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே எடை, எலெக்ட்ரானின் எடை கணக்கில் வராத அளவு. அதனால் 0.1215 கிராம் உள்ள ஒரு குன்றிமணியைப் பிரித்து உள்ளே எண்ண முடிந்தால், இரண்டு வகையும் சேர்ந்து ஏறக்குறைய இதே 73 கோடி கோடி கோடிதான் இருக்கும். அதில் எந்தப் புரோட்டானை எடுத்தாலும் எடை ஒன்றுதான். பொடி இல்லை, பருத்தது இல்லை. தட்டான் நெற்று நெற்றாகப் பொறுக்கித் தேடிய சம எடை விதை, அவர் விரலிடுக்கில் இருந்த அந்த மணிக்குள்ளேயே, பொறுக்க வேண்டாதபடி நிறைந்து கிடந்திருக்கிறது.

அதற்கும் கீழே ஒரு படி உண்டு. ஒரு புரோட்டான் எடைக்கு 1,836 எலெக்ட்ரான் வேண்டும். மனு போட்ட படியில் ஒரு குன்றிமணிக்கு 1,296 துகள். சாளரத்து வெயிலைப் பார்த்துப் போட்ட அந்தப் படிக்கும், அணுவுக்குள் இருக்கும் இந்தப் படிக்கும் இடைவெளி ஒன்றரை மடங்குகூட இல்லை. தற்செயல்தான், இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.